எந்தக் காது

ஜூன் 3

கர்த்தருக்குள் பிரியமான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பொய். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பின நாளிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. இப்போது சமைப்பது நான் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், அதை விடுங்கள். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஜெபக் குழுப் பெண்கள் ஆளுக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். கடைசியில் உங்கள் சிநேகிதியிடம் கெஞ்சிக் கூத்தாடி, நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் முகவரியை வாங்கி எழுதுகிறேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஊரே பார்க்க மேடையில் அற்புதம் பெற்றவர் மறுநாள் காலையிலேயே வீட்டைவிட்டுப் போவாரா? பாஸ்டர் ஐயா உங்கள் காதில் வாயை வைத்து, "சகோதரி, கேக்குதா?" என்றார். நீங்கள் மைக்கில், "கேக்குது" என்றீர்கள். நான் மூன்றாம் வரிசையில் நின்று கேட்டேன். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. நான் அழுத அழுகையில் பக்கத்தில் இருந்த அம்மா தன் கைக்குட்டையையே கொடுத்துவிட்டார். அப்படிப்பட்ட இரவுக்கு அடுத்து இப்படி ஒரு காலையா?

அண்ணி, அண்ணன் குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் மேல் கை வைப்பதும் அதோடு நின்றது. ரட்சிக்கப்பட்ட பிறகு அவர் வேறு ஆள். நான் எத்தனை வருஷம் அவருக்காக முழங்காலில் நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் முழங்காலைப் பார்த்து ஒட்டகம் என்று நீங்களே கேலி செய்வீர்கள். என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் இன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் கண்ணெதிரே நடமாடுகிறது. அதைவிட ஒரு நிச்சயம் எனக்கு வேண்டுமா?

இந்த மாதம் 27, 28, 29 மூன்று நாளும் மைதானத்தில் பெருங்கூட்டம். கடைசி நாள் நீங்களும் அண்ணனும் சேர்ந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் ஐயா சொல்லிவிட்டார். போஸ்டர் எங்கள் அச்சுக்கடையில்தான் தயாரானது. நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தேன். ஐயா உங்கள் காதில் கை வைத்து ஜெபிக்கும் படத்தைப் போட்டு, "செவிட்டுக் காது திறந்தது!" என்ற எழுத்துக்குச் சிவப்பும் மஞ்சள் விளிம்பும் கொடுத்திருக்கிறேன். ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு மனம் இளகி வாருங்கள்.

அன்பு நாத்தனார்,
வாயாடி


ஜூன் 9

வாயாடிக்கு,

கடிதமும் போஸ்டரும் வந்தன. போஸ்டரைத் துணி பிரிக்கும் மேஜையில் வைத்துத்தான் விரித்தேன். அந்த மேஜையில் என்னவெல்லாம் வந்து விழும் தெரியுமா? அறுவை அறையிலிருந்து ரத்தம் ஊறிய விரிப்பு, படுக்கையோடு கிடப்பவர்களின் போர்வை, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மலம், சில நாள் மடிப்புக்குள்ளே சீழ் காய்ந்த கட்டுத்துணி. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உதறிப் பிரிக்க வேண்டும். வந்த புதிதில் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். இப்போது கையைக் கழுவிவிட்டு அங்கேயே டீ குடிக்கிறேன். மூக்குக்கு எல்லாம் பழகிவிடுகிறது. ஆனால் உன் போஸ்டரைப் பார்த்ததும் பழைய குமட்டல் வந்துவிட்டது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன் கேள். என் முகம் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறாய். உன் கடையில் எல்லாப் படத்துக்கும் நீ செய்கிற வேலைதான். என் கன்னத்து மச்சம் பக்கம் மாறி உட்கார்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்தேன். அதனால் போஸ்டரில் பாஸ்டரின் கை என் இடது காதின் மேல் இருக்கிறது. மேடையில் அவர் தொட்டது என் வலது காதை. எனக்குக் கேட்காமல் போனது இடது காது. அந்தக் கூட்டத்திலேயே உண்மையைச் சொன்னது உன் கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதுவும் தெரியாத்தனமாக.

நிதானமாகப் படி. பாஸ்டர் "எந்தக் காது?" என்று கேட்டது என்னை இல்லை, உன் அண்ணனை. உன் அண்ணன், "வலது, ஐயா" என்றார். பாஸ்டர் என் நல்ல காதைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தடவி, கத்தி, உலுக்கி, கடைசியில் "கேக்குதா?" என்றார். நல்ல காது கேட்காமல் என்ன செய்யும்? "கேக்குது" என்றேன். "ஆனா இது அந்தக் காது இல்லீங்க" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மைக்கைப் பிடுங்கியாயிற்று, டிரம்ஸ் முழங்கியாயிற்று. உண்மையான ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லி, என் ஆயுசிலேயே பெரிய பொய்யைச் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன் என்னை அடித்தபோது நீ விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன், நீயும் நம்பினாய். பிறகு நீ கூப்பிட்டு நான் திரும்பாதபோதெல்லாம் "அண்ணிக்குத் திமிரு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். எந்தக் காது என்று உனக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. அடித்த ஆளுக்குமா தெரியாது?

அந்தச் சாட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் உன் அண்ணன் மேடை ஏறி, "என் சம்சாரத்த ஒரே அறையில செவிடாக்குன மகா பாவி நான்" என்பார். "ஒரே அறை" என்னும்போது கையை வீசிக் காட்டுவார். அந்த இடம் வரும்போது அவர் குரலில் ஒரு ருசி ஏறும், நீ கவனித்திருக்கிறாயா? முன்வரிசையில் என்னை உட்காரவைத்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கிற பெண்கள் என் தொடையைத் தட்டி, "எப்பேர்ப்பட்ட மாற்றம் பாருங்க" என்பார்கள். வாங்கின அறை என்னுடையது, வாங்குகிற கைதட்டல் அவருடையது. அவருடைய பாவத்தை எல்லாம் ஆண்டவர் கடலில் போட்டுவிட்டாராம். போட்டதை இவர் ஏன் வாரத்துக்கு ஒரு தடவை வலை வீசிப் பிடித்துக்கொண்டு வருகிறார்? செத்த மீன் நாறத்தானே செய்யும்?

நான் வரவில்லை.

அண்ணி


ஜூன் 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இடதோ வலதோ, எந்தக் காதாக இருந்தால் என்ன? ஒரு மனுஷன் திருந்தியிருக்கிறான். அது பெரிதா, காது பெரிதா? அண்ணன் பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருப்பார். அதற்குப் போய் நாற்றம், மீன் என்று எழுதுகிறீர்கள். கூடப்பிறந்தவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தீர்களா?

கோபப்படாதீர்கள், உங்கள் கடிதத்தைப் பாஸ்டர் ஐயாவிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார்: "ஆண்டவர் செஞ்ச அற்புதத்த இல்லன்னு சொல்றது சாதாரணப் பாவம் இல்லம்மா. அது பரிசுத்த ஆவியையே அவமதிக்கிறது. மத்த எதுக்கும் மன்னிப்பு உண்டு, அதுக்குக் கிடையாது. முழுசா விசுவாசிச்சிருந்தா ரெண்டு காதும் திறந்திருக்கும். அந்தச் சகோதரிக்கு ரட்சிப்பின் நிச்சயம் இருக்கான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பெண்கள் கூட்டத்தில் "நீங்க எந்தத் தேதியில ரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டார்கள் இல்லையா? எல்லோரும் தேதி சொன்னார்கள். நீங்கள் மட்டும், "தேதியெல்லாம் தெரியாது, எனக்கு விவரம் தெரிஞ்சதுலேருந்து அவரோடதான் பேசிட்டு இருக்கேன்" என்றீர்கள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தேதி இல்லாமல் எப்படி அண்ணி? பிறந்தவனுக்குப் பிறந்தநாள் இருக்க வேண்டாமா? அண்ணனைக் கேளுங்கள், தேதியோடு மணியும் சொல்வார். அந்த நாளுக்கு நாம் கேக் வெட்டினோமே, நீங்களும் ஒரு துண்டு தின்றீர்களே.

உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதுகிறேன். மன்னிப்பே இல்லாத இடத்துக்குப் போய்விடாதீர்கள். வந்து மேடையில் நின்றால் போதும். எந்தக் காது என்று அண்ணனிடம் நானே கேட்டு எழுதுகிறேன். உங்கள் வாயை அடைக்கவாவது கேட்கிறேன்.

வாயாடி


ஜூன் 18

வாயாடிக்கு,

பெரிய வீராப்போடு போன கடிதத்தை எழுதினேன். இது அப்படி இல்லை.

மன்னிப்பே கிடையாது என்று பாஸ்டர் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த ஆள் ஒரு பித்தலாட்டக்காரர் என்று புத்திக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை. துணி பிரிக்கும்போது திடீரென்று, இவர் சொல்வது ஒருவேளை நிஜமாக இருந்தால் என்ன செய்வேன் என்று நினைப்பு வருகிறது. வெள்ளை விரிப்பைப் பச்சைத் துணி வண்டியில் போட்டுவிட்டு மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன். "அம்மா, காதுதான் ஒண்ணு இல்ல, கண்ணுமா இல்ல?" என்றார். எனக்கு இந்த வேலை கிடைத்ததே காதால்தான். பிழிகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் சத்தத்தில் காது போய்விடும் என்று யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். நான் இடது பக்கத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்கு நிச்சயம் இல்லை. தேதி இல்லை, மணி இல்லை, உடம்பு சிலிர்த்த கதை இல்லை. சின்ன வயதில் படுக்கையில் போர்வைக்குள் அவரோடு பேச ஆரம்பித்தேன், நிறுத்தவில்லை, அவ்வளவுதான். அது போதாது என்று உங்கள் சபையில் வந்துதான் தெரிந்துகொண்டேன். எத்தனை தடவை "இன்னைக்கு ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றபோது தூக்கியிருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும், போன தடவை தூக்கினது செல்லவில்லையோ என்ற பயம். என்னை அடித்தவர் தேதியோடு சொர்க்கத்துக்குச் சீட்டுப் பிடித்து வைத்திருக்கிறார். அடி வாங்கினவள் வாசலில் நிற்கிறேன், இப்போது அந்த வாசலும் இல்லை என்கிறார்கள். அந்தக் கேக்கை நினைத்தால் தொண்டையில் இன்னும் அதன் கிரீம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

வந்து மேடையில் நின்றுவிட்டால் இந்தப் பயமாவது போகுமா என்றுகூட யோசித்தேன். அப்படி யோசித்த என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்காக ஜெபம் செய். பாஸ்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினால் உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அண்ணனிடம் கேட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார், நல்ல மனநிலையில்தான் இருந்தார். "அண்ணா, அண்ணிக்கு எந்தக் காது?" என்றேன். "ஏன், வலதுதான்" என்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். அவர் எழுந்து என் எதிரே வந்து நின்றார். வலது கையைப் பாதி தூக்கினார். அந்தக் கை போய் விழுகிற இடத்தைப் பார்த்தார். "இந்தப் பக்கம். வலதுபக்கம்" என்றார்.

அது அவருக்குத்தான் வலதுபக்கம் அண்ணி. எதிரே நின்ற எனக்கு அது இடது காது.

அவருக்கு அது உறைக்கவே இல்லை. பல் குத்திக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டார். அடித்தவருக்குத் தன் கைதான் ஞாபகம் இருக்கிறது, உங்கள் காது ஞாபகம் இல்லை. "அண்ணா, அது இடது காது. ஐயா தப்பான காதுக்கு ஜெபம் பண்ணிட்டாரு" என்றேன். பல் குத்தின குச்சியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். பிறகு, "இப்ப அதச் சொல்லி என்ன ஆகப்போகுது? போஸ்டர் ஒட்டியாச்சு. ஆண்டவருக்குத்தானே மகிமை" என்றார்.

எதை நம்புவது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், காலில் விழுந்து கேட்கிறேன். வந்து நின்றுவிட்டுப் போங்கள். பேச வேண்டாம், சும்மா நில்லுங்கள். நீங்கள் வரவில்லை என்றால் ஊர் சிரிக்கும். அண்ணன் அவமானத்தில் மறுபடியும் பாட்டிலை எடுத்துவிடுவார். அப்படி ஆனால் என் ஜெபமெல்லாம் என்ன ஆவது? அதை என்னால் தாங்க முடியாது. இது சுயநலம்தான், தெரிந்துதான் எழுதுகிறேன்.

வாயாடி


ஜூன் 24

என் வாயாடிக்கு,

நான் வரவில்லை. இந்தத் தடவை கோபத்தில் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். கடவுள் பேச்சை எடுத்தாலே தும்முகிறவர். நான் குப்பைக் கூடையில் போட்டிருந்த உன் போஸ்டரை எடுத்து, தன் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே விரித்திருக்கிறார். சாப்பிடும்போது பார்த்தால் படத்தில் நான். "என்னம்மா, நீங்களா இது? காது திறந்துடுச்சா? அப்புறம் ஏன் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறீங்க?" என்றார். மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எந்தக் காது என்பது உட்பட.

மனிதர் சிரித்தார் பார், புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "என்ன கூத்தும்மா இது! உங்க சாமிக்கு எந்தக் காதுன்னே தெரியலயா? நல்ல காதுக்கு வைத்தியம் பாத்துட்டுப் போயிருக்காரே!"

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "அவருக்குத் தெரியும்! எந்தக் காதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும்! தெரியாதது அவனுங்களுக்குத்தான்!"

அந்த நேரம் பார்த்துப் பிழிகிற இயந்திரம் நின்றுவிட்டது. என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "தப்பா ஒண்ணும் சொல்லலம்மா" என்றார், பாவம்.

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. என் வாயிலிருந்து வந்ததை என் நல்ல காதால் நானே கேட்டேன். கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அறை வாங்கிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது, காதுக்குள் குக்கர் விசில்போல ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் வாயைத் திறக்காமல். கட்டின புருஷனுக்கு எந்தக் காது என்று தெரியாது. காதில் கை வைத்த பாஸ்டருக்குத் தெரியாது. கூட இருந்த உனக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். இதில் எனக்கு இம்மிகூடச் சந்தேகம் வரவில்லை, வாயாடி. வரவேயில்லை. எனக்கு நிச்சயம் இல்லை, இல்லை என்று இத்தனை நாள் அழுதேனே, அது இந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. நான் தேதியில் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அவரை எப்போதிலிருந்து தெரியும் என்று சொல்லத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரியும். நான் பிழைத்துக்கிடப்பது அதனால்தான், நான் கை தூக்கினதால் இல்லை.

இன்னொன்றும் யோசித்தேன். தெருவில் போகிற யாரையோ அந்த மனிதர் கேலி செய்திருந்தால் நான் இப்படிக் கத்தியிருப்பேனா? நம் வீட்டு ஆளைச் சொன்னால்தான் பொறுக்காது. மேடையில் ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் விற்றபோது எனக்குக் குமட்டியதும் அதனால்தான். இத்தனை நாள் அந்தக் குமட்டலை விசுவாசக் குறைவு என்று நினைத்து விழுங்கிக்கொண்டிருந்தேன். நான் அவருடையவள் இல்லை என்றால் எனக்கு என்ன வந்தது? நானும் கைதட்டிவிட்டுப் போயிருப்பேன். அவரை அவமதிப்பது யார், பொய்யை அவர் தலையில் கட்டுகிறவரா, அது பொய் என்கிறவளா? பாஸ்டரின் மிரட்டலை இப்போது திரும்பப் படித்தால் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

இதைப் படித்து அண்ணிக்கு மனம் பூவாக மலர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அருவருப்பு அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணன் கையைத் தூக்கிக் கணக்குப் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அன்று சோறு இறங்கவில்லை. பயம் மட்டும் போய்விட்டது.

மேடைக்கு நான் வராததால் உன் அண்ணன் குடித்தால், அது அவர் குடித்தது. என் கணக்கில் எழுதாதே, உன் கணக்கிலும் எழுதாதே.

அண்ணி


ஜூலை 1

அண்ணி,

உங்கள் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. படித்துவிட்டு, "அண்ணி வர மாட்டாங்க" என்று மட்டும் பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். "சரி, உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம். நீ நாத்தனார்தானே, நீ பாத்த அற்புதத்த நீ சொல்லு" என்றார். சரி என்றேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், மேடை ஏறும்வரை எதையாவது பட்டும் படாமலும் சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கீழே மைதானம் முழுக்கத் தலை. எனக்குப் பின்னால் என் போஸ்டரையே வீடு உயரத்துக்குப் பெரிதாக்கிக் கட்டியிருந்தார்கள். உங்கள் முகமும், திருப்பிப் போட்ட காதும். "எங்க அண்ணிக்கு..." என்றேன். அதற்குமேல் பொய் வர மாட்டேன் என்கிறது, தொண்டையில் முள் மாட்டினமாதிரி. சொல்லிவிட்டேன் அண்ணி. "எங்க அண்ணிக்குக் கேக்காதது இடது காது. ஐயா ஜெபம் பண்ணது வலது காதுக்கு. அது எப்பவுமே கேக்கும். இடது காது இன்னும் கேக்கல" என்றேன்.

பின்னால் யாரோ ஒருவர் மட்டும் பழக்க தோஷத்தில் "அல்லேலூயா" என்றார். உடனே டிரம்ஸ் ஆரம்பித்தது. பாஸ்டர் வேறு மைக்கில், "சாத்தான் இந்தக் குடும்பத்துல கிரியை செய்றான், எல்லாரும் ஜெபிங்க" என்று கத்தினார். அண்ணன் மேடையின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வேதம். வேதத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை ஓங்கினார்.

அடி விழவில்லை. டிரம்ஸ் அடித்த ஆள் குறுக்கே வந்து பிடித்துக்கொண்டார். ஆனால் என்னைக் கேட்காமலே என் கை போய் என் இடது காதைப் பொத்திக்கொண்டது. அந்த நொடியில், அந்தச் சமையலறையில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. படியிறங்கி அப்படியே நடந்து வந்துவிட்டேன். அச்சுக்கடையில் கூட வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன் அன்றைக்கே குடித்தாராம்.

அண்ணி, நீங்கள் நிச்சயம் கிடைத்தது என்று எழுதினீர்கள். எனக்கு இருந்தது போய்விட்டது. என் ஜெபம் கேட்கப்பட்டது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பிடி. அந்த வெள்ளைச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம், ஆண்டவர் இருக்கிறார், என் குரல் அவருக்குக் கேட்கிறது என்று நினைப்பேன். இப்போது அதே சட்டையை நினைத்தால் ஓங்கின கைதான் கண்ணில் நிற்கிறது. இத்தனை வருஷம் நான் சுவரிடமா பேசினேன்? அவருக்கு உங்கள் காது தெரியும் என்கிறீர்கள். என் குரல் தெரியுமா? இன்னொன்றும் கேட்கிறேன், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அண்ணன் பரலோகம் போவாரா?

வாயாடி


ஜூலை 5

என் தங்கமே,

உன் கடிதத்தைப் பிழிகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியாது.

நீ உன் நிச்சயத்தைக் கொண்டுபோய் உன் அண்ணன் முதுகில் கட்டி வைத்திருந்தாய். ஆள் விழுந்ததும் அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. உன் ஜெபத்துக்கு ஏன் அப்படிப் பதில் வந்தது, வந்தது பதில்தானா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கதி. ஆனால் பாதிப் பொய் சொல்ல ஏறினவள் முழு உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாய். தொண்டையில் முள் மாட்டினமாதிரி என்று எழுதியிருக்கிறாய். அந்த முள்ளை வைத்தது யார் என்று நினைக்கிறாய்? நீயா? உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா, நீ எதையும் சொல்லி ஒப்பேற்றிவிடுகிற ஆள். சுவருக்கு அப்படி முள் வைக்கத் தெரியாது. உன் குரல் அவருக்குத் தெரியும். இப்போதைக்கு உன்னால் நம்ப முடியாவிட்டால் பரவாயில்லை, நான் உனக்கும் சேர்த்து நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன் பரலோகம் போவாரா? போகலாம். சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனையே கையோடு கூட்டிக்கொண்டு போனவர் அவர். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது, அவரிடமே சொல்லியிருக்கிறேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கதவு அவருடையது. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று அவர் பார்த்துக்கொள்வார். இந்த அறையின் கதவு என்னுடையது. உன் அண்ணன் இதற்குள் வர முடியாது.

நீ வா. கட்டில் ஒன்றுதான், ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு பேருக்குப் போதும். இந்தத் தெருவிலும் ஒரு அச்சுக்கடை இருக்கிறது, ஆள் வேண்டும் என்று அட்டை தொங்குகிறது. காலை பஸ் இங்கே வரும்போது நன்றாக விடிந்திருக்காது. நீ தட்டியும் நான் திறக்கவில்லை என்றால் மறுபடி திமிர் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. இப்போதெல்லாம் நல்ல காதைத் தலையணையில் வைத்துத் தூங்கிவிடுகிறேன், எனக்கே ஆச்சரியமாக நன்றாகத் தூக்கம் வருகிறது. பலமாகத் தட்டு.

அண்ணி